டிஸ்க்குக்கும் விசா வேண்டும்!

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் டிவிடி செட் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு பிளேயர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: அண்ணனுக்கு விசா கிடைத்தது, டிஸ்க்குக்குக் கிடைக்கவில்லை! டிவிடிக்காக உலகத்தையே ஆறு மண்டலமாகக் கூறுபோட்டு வைத்தார்கள். அமெரிக்கா, கனடா 1, பிரிட்டன், ஜப்பான் 2, இந்தியா 5. மண்டலம் மாறினால் பிளேயர் கைவிரித்துவிடும். காசு கொடுத்து வாங்கியவருக்கு இது அநியாயம்தான்.

ஆனாலும் செட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். டிவியில் வெட்டுப்பட்ட காட்சிகளைச் சேர்த்து நீட்டிய எபிசோடுகள் அந்த 1-ஆம் மண்டல டிவிடியில் உண்டு. ஐரோப்பியப் பதிப்புகளில் இன்னொரு தொல்லை. ஃபிலிமில் நொடிக்கு 24 ஃபிரேமாக எடுத்த தொடர்கள் பலவற்றை அங்கே 25 ஆக ஓட்டினார்கள். 22 நிமிட எபிசோடில் கிட்டத்தட்ட 50 நொடி காணாமல் போகும். குரலில் சுருதி ஏறும், ஜோக்கும் சீக்கிரமே வந்துவிடும்!

எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் தேடுங்கள். கம்ப்யூட்டர் டிரைவில் பார்ப்பதானால் உஷார்: பெரும்பாலான டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவது முறை வைத்ததே நிரந்தரம்.