பெரியம்மாவுக்கு ஒரு போன்

எங்கள் பெரியம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நாங்கள்தான் சில வருடங்களாக வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறோம். இது அவருடைய கட்சி. டிவி முணுமுணுக்கிறது, மின்னல் எஃப்எம் முணுமுணுக்கிறது, பேரன் பேத்திகள் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் இன்னும் ஒழுங்காகப் பேசுவது கோயில் ஒலிபெருக்கி ஒன்றுதான்.

நேரில் என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். போனில் முடியாது. அதனால் பெரியம்மா தமக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். போன் அடித்தால் எடுப்பார். பேசுவது யார், என்ன விஷயம் என்றெல்லாம் விசாரிக்கமாட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டாச்சு. இனிப்புநீர் மாத்திரை போட்டாச்சு. இங்க மழை. வச்சிடுறேன்." வைத்துவிடுவார். வெயில் கொளுத்தும் நாளிலும் மழைதான்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. ஒருநாள் மக்காவ் ஸ்கேம் ஆள் ஒருவன், தன்னைப் போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அழைத்திருக்கிறான். உங்கள் பெயரில் கள்ளப் பணம் ஓடுகிறது, கைது செய்யப் போகிறோம் என்று மிரட்டியிருக்கிறான். பெரியம்மா சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு என்று அறிவித்துவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அழைத்தான். மறுபடியும் மழை. மூன்றாவது தடவை அவன் அழைக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பேரன் சாட்சி சொல்கிறான். இப்படி அழைப்பு வந்து ஏமாந்துபோனால் உடனே 997-க்குச் சொல்லுங்கள் என்று 2022-இலிருந்து அரசாங்கம் விளம்பரம் செய்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த எண் தேவைப்படாத ஒரே ஆள் பெரியம்மாதான்.

வம்பு மாசி மகத்தில் வந்தது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம் என்று சொல்லப் போன் போட்டேன். "மாசி மகத்துக்கு வர்றோம், பெரியம்மா!" அவர் காதில் விழுந்தது, "பாதி பணத்துக்கு வர்றோம், பெரியம்மா!" பெரியப்பா வாங்கிப் போட்டிருந்த துண்டு நிலத்தை விற்ற காசு அப்போதுதான் பேங்கில் விழுந்திருந்தது. மறுநாள் ஜொகூரிலிருந்து அக்கா கூப்பிட்டார். "என்ன தம்பி, பங்கு கேக்குறியாமே?" சாமி கும்பிடப் போன இடத்தில் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை ஆண்டவரே அறிவார். பெரியம்மாவுக்கு உருப்படியாக ஒரு போன் வாங்கித் தருவது என்று அன்றைக்கே முடிவானது.

பாசார் மாலாமில் ஒரு பட்டன் போன் அகப்பட்டது. ஒவ்வொரு பட்டனும் ஐம்பது காசு அகலம். "கூவாட், பாங்!" என்று கடைக்காரப் பையன் அதில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். அடுத்த கடையில் ரொட்டி ஜான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டோம். ஒரே வாரத்தில், அக்கா வீட்டுச் சண்டை, என் கார் தவணை பாக்கி, தங்கச்சி மகளுக்கு வந்த வரன் எல்லாம் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டன. பக்கத்து வீட்டு மக்சிக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருந்தோம். அவரும் தோட்டத்தில் வளர்ந்தவராம்.

இவ்வளவுக்கும் பிறகு பெரியம்மா சொன்னது இதுதான்: "சத்தம் நல்லா வருதுடா தம்பி. பேச்சுதான் வரல."

ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டார். வயதாகும்போது காதில் எல்லா ஒலியும் ஒரே அளவாகக் குறைவதில்லை. மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் கழன்றுகொள்ளும். உயிரொலிகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அவை தப்பித்துவிடும். ச, த, க போன்றவை மெல்லியவை, அவற்றின் அடையாளமே மேலே இருக்கிறது. அவை போனால் மாசி மகத்தில் மிஞ்சுவது ஆ, இ, அ, அ. பாதி பணத்திலும் அதே ஆ, இ, அ, அ. பழைய தொலைபேசி முறையோ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும்தான் கடத்தும். 'ச' ஒலியின் பெரும்பகுதி அதற்கும் மேலே. அதாவது, பாதி பேச்சைக் காது தின்றுவிடுகிறது, மீதியில் ஒரு பங்கைப் போன் தின்றுவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் உயிரெழுத்துகள் மட்டும் ஊரைக் கூட்டும்.

1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல், காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய அம்மாவுக்கும் காது சரியாகக் கேட்காது. மனைவி மேபல் ஐந்து வயதில் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். உலகத்துக்கே போன் கொடுத்த மனிதர் சொந்த மனைவியோடு அதில் பேச முடியவில்லை. பாசார் மாலாம் பையனை நான் எந்த முகத்தோடு குறை சொல்வது?

பெரியம்மாவின் காதை வயது மட்டும் வாங்கவில்லை. டான் சாய் யான் 1896-இல் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். அந்தத் தொழில் பரவிய தோட்டங்களில் ஒன்றில், கித்தாப் பாலை உறைய வைத்து உருளையில் கொடுத்துத் தகடாக்கும் ஆலையில் பெரியம்மா வேலை பார்த்தார். ஆலை இரைச்சலுக்கு வரம்பு கட்டும் விதிமுறை மலேசியாவில் 1989-இல்தான் வந்தது. அதற்குள் அவர் மிஷின் பக்கத்தில் இருபது வருடம் நின்றுவிட்டார். காதுக்கு அப்போது கிடைத்த ஒரே பாதுகாப்பு, தலையில் கட்டிய துண்டு.

அரசாங்க மருத்துவமனையில் செவிப் பரிசோதனை செய்தார்கள். வலது காது பரவாயில்லை என்று தெரிந்தது. பெரியம்மா இத்தனை காலமும் போனை இடது காதில்தான் வைத்திருந்தார், வலது கைக்கு வெங்காயம் நறுக்கும் வேலை இருந்ததால். செவிக்கருவியும் கிடைத்தது. அது மைலோ டின்னில் குடியேறியது. போட்டுக்கொண்டு போனை எடுத்தால் 'கீ' என்று கத்துகிறதாம். போனைக் காதுத் துவாரத்தில் அழுத்தக் கூடாது, கருவியின் மைக் காதுக்கு மேல் இருக்கிறது, அங்கே கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சில கருவிகளில் 'டி' என்று ஒரு நிலை உண்டு. அதற்கு ஒத்துப்போகும் போனாக இருந்தால், வெளிச்சத்தத்தை விட்டுவிட்டுப் போனின் பேச்சை மட்டும் கருவி பிடித்துக்கொள்ளும். புதிய கருவிகள் புளூடூத்திலேயே பேச்சை வாங்கிக்கொள்கின்றன.

அடுத்து வாங்கியது 4ஜி பட்டன் போன். மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. மலிவு விலை 2ஜி போனில் பழைய குறுகிய ஒலிதான். 4ஜி வழியாகவே பேசும் போனில், இரண்டு பக்கமும் வசதி இருந்தால், ஒலி 7000 ஹெர்ட்ஸ் வரை வரும். 'ச' கொஞ்சம் உயிர் பெறும். மணியடித்தால் விளக்கு மின்ன வேண்டும், உடம்பும் அதிர வேண்டும், சார்ஜ் செய்யத் தாங்கியில் வைத்தாலே போதும் என்றிருக்க வேண்டும். இவ்வளவும் பார்த்து வாங்கினோம். மாசி மகம் பாதி மகமாக முன்னேறியது.

பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலியையும் என் போனில் போட்டுக் காட்டினேன். பெரியம்மா தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர், பேப்பரை வரி விடாமல் வாசிப்பார். "தாமான் முன்னாடி லோரி நிக்குது" என்றேன். 'தாமரை முன்னாடி லாரி நிக்குது' என்று எழுதியது. "குளத்துக்குள்ள எப்படிடா லோரி போச்சு?" என்று கேட்டார்.

கடைசியில் ஜெயித்தது பேரனின் பழைய ஸ்மார்ட்போன். வீடியோ அழைப்பு. முதலில் வேண்டவே வேண்டாம் என்றார், தொட்டால் எங்கேயோ போய்விடுகிறது என்று. ஆனால் என் முகம் திரையில் வந்ததும் அவர் கண் என் வாயில் போய் நின்றது. அந்த ஆலை இரைச்சலில் இருபது வருடம் கூட்டாளிகளோடு வாயைப் பார்த்தே கதை பேசியவர் அல்லவா? படிப்பு மறக்கவில்லை. நான் சொன்னதில் பெரும்பகுதி பிடிபட்டது. பிடிபடாததற்குத் தீர்ப்பும் உடனே வந்தது. "மீசையக் கத்தரி. உதடு தெரியல." கத்தரித்துவிட்டேன். அக்கா பேசும்போது நெற்றியும் மேலே சுற்றும் காற்றாடியும் மட்டுமே தெரிகின்றன. அதனால் அக்காவோடு பேசும்போது ஜாசினில் இன்னும் மழைதான்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் கடைக்குப் போகும் முன் செவிப் பரிசோதனைக்குப் போங்கள். கருவி வாங்க வசதி இல்லையென்றால் சமூக நல இலாகாவில் ஓகேயூ பதிவு பற்றியும் உதவி பற்றியும் கேளுங்கள். போன் வாங்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள், வெளியே நின்று அதே போனுக்கு அழைத்து நாலு பெயரும் நாலு எண்ணும் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொன்னால் காசு கொடுங்கள். பேசும்போது கத்த வேண்டாம், வாக்கியத்துக்கு வாக்கியம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பேசுங்கள், முகத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். பணம் பற்றிய விஷயம் என்றால் மட்டும் நேரிலேயே போய்ப் பேசிவிடுங்கள்.