தீர்ந்தது பெயின்ட் மட்டும்

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினம். பட்டறை வாசலில் பேனர், உள்ளே உறுதிமொழி, ஆளுக்கொரு லட்டு. வெல்டிங் மேஜைக்கடியில் ஸ்பிரே பெயின்ட் டப்பாக்கள். '50 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. தீர்ந்த பிறகும் துளைக்காதே, எரிக்காதே' என்று கடுகளவு எழுத்தில் டப்பா கெஞ்சுகிறது. படிக்கத்தான் ஆளில்லை.

உள்ளே பெயின்ட்டோடு அடைத்திருக்கும் வாயு பெரும்பாலும் சமையல் சிலிண்டரில் உள்ள அதே புரொப்பேன், பியூட்டேன்தான். காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து தீப்பொறியைத் தேடிப் போகும்.

"காலி டப்பாதானேண்ணே!" என்று குப்பையோடு கொளுத்தக் கிளம்புகிறான் ஹெல்பர் பையன். காலியானது பெயின்ட், வாயு இன்னும் மிச்சமிருக்கிறது. தீயணைப்புக் கருவி எங்கே? பேனர் பறக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாளிமாரே, அடுத்த ஆண்டு லட்டைக் குறைத்துக்கொண்டு, வெயிலும் நெருப்பும் அண்டாத ஓர் அலமாரி வாங்கிப் போடுங்கள்.