சோழ இளவரசனுக்கு முகம் பிடிப்பது எப்படி?

சரித்திரத் தொடர் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். கதையைப் பற்றிக் கவலை வேண்டாம், வாராவாரம் அது பாட்டுக்கு வரும். நாயகன் பார்க்க எப்படி இருப்பான் என்பதுதான் தலைவலி.

முதல் விதி: தஞ்சாவூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் ஒளிந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துத் தொலைத்தார். அங்கே ராஜராஜன் என்று பலரும் சொல்லும் மனிதர், கிரீடம் இல்லாமல், முடியை உச்சியில் கொண்டையாக முடிந்து, குருவுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கிறார். இவரை அட்டையில் போட்டால் யார் வாங்குவார்கள்? நல்லவேளை, அந்த உட்சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை.

இளவரசிக்கு மாதிரி தேடிச் சோழர் செப்புத் திருமேனிகளிடம் போனால் இன்னும் ஆபத்து. செம்பியன் மாதேவி என்று சிலர் கருதும் சிலை வாஷிங்டன் பிரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடையின் ஒயில் அந்த உலோகத்தில் அப்படியே நிற்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் இடுப்புக்கு மேலே நகைகள்தான், ரவிக்கை இல்லை. ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். ரவி வர்மா அச்சகம் 1894 முதல் தெய்வங்களுக்கே புடவை கட்டி வீடுவீடாக அனுப்பியதே, அந்தக் காலண்டர் வழியில் போவதுதான் பத்திரம்.

எனவே உத்தமமான வழி, பழைய சினிமா ஸ்டில்கள். வெல்வெட் அங்கி, சரிகைக் கரை, முழங்கால்வரை பூட்ஸ். காவிரிக் கரை வெயிலில் வெல்வெட் போட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பவர் சரித்திர நாவலாசிரியராக முடியாது. வில்லனுக்கு ஒற்றைக் கண் போதும். அமைச்சருக்குத் தாடி, நீளம் விசுவாசத்தைப் பொறுத்து.

செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கலாம். சோழன் கேட்டால் தலையில் மொகலாயத் தலைப்பாகையும் பின்னணியில் ராஜஸ்தான் கோட்டையும் கிடைத்தாலும் அதிர்ச்சி அடையாதீர்கள். அதற்கும் பயிற்சி நம் காலண்டர்களில்தானோ என்னவோ.

எப்படியும் நீங்கள் நாலு பக்கம் வர்ணித்தது நிற்காது. 1950இல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் பல வீடுகளில் வந்தியத்தேவன். கல்கியே வந்து மறுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே ஓவியரைக் கூப்பிட்டு, “கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும் சார்” என்று மட்டும் சொல்லுங்கள். மீசை தப்பு, வாள் தப்பு என்று வாசகர் கடிதம் வந்தால் அது அவர் தலையில் விடியும்.