நீலமும் மஞ்சளும் பச்சையாகாது

என் மனுசி எம்ப்ரொய்டரி மெஷினில் வெற்றிலைக்கொடி தைக்கத் தொடங்கியதோடு, பொரளையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் வர்ண நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் மூத்தவர் முன்வீட்டு மாஸ்டர். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். இலைக்கு ஏற்ற பச்சை நூல் அகப்படவில்லை என்று கேள்விப்பட்டதும் கேற்றடியில் நின்றபடியே தீர்ப்பளித்தார்: "பிள்ளை, நீலத்தையும் மஞ்சளையும் ஒரே ஊசியிலை கோத்துப் பாரும். பச்சை தானாய் வரும்."

ஒரே ஊசியில் இரண்டு நூல் ஓட்டுவது நடக்கிற காரியந்தான். கண் பெரிய ஊசி வேண்டும், மெஷினை மெதுவாக ஓட்ட வேண்டும். தைத்து முடிந்த வெற்றிலை கிட்ட நின்றால் நீலமும் மஞ்சளுமாய்க் கோடு. எட்ட நின்றால் சுத்தச் சாம்பல்.

மாஸ்டரின் விதி சாயத்துக்குரியது. நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்தால் ஆளுக்கொரு பங்கு ஒளியை விழுங்கும். இரண்டும் விழுங்காமல் விட்ட பச்சை மிஞ்சும். நூல்களோ கலப்பதே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். கலப்பது நம் கண். அது இரண்டுக்கும் சராசரி போட, ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். பச்சைக்குப் பச்சையோடுதான் சம்பந்தம் பேச வேண்டும்: மஞ்சள் சாடை ஒன்று, நீலச் சாடை ஒன்று. அப்போதுதான் இலைக்கு உயிர் வரும்.

மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "நூல் தரமில்லை" என்றார். நூலின் மேல் பழி போடுவது பழைய வழக்கம். பாரிஸில் சித்திரத் திரை நெய்யும் கோப்லான் ஆலையின் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பேற்ற ரசாயன அறிஞர் செவ்ரல்லிடமும் கறுப்பு நூல் எடுபடவில்லை என்று முறைப்பாடு போனது. அவர் ஆராய்ந்தார், கறுப்பில் குற்றமில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் பார்த்த வேலை. அயல் நிறம் மாறினால் நம் நிறமும் மாறித் தெரியும் என்று 1839இல் பெரிய புத்தகமே போட்டார். இத்தனை முறைப்பாடு கேட்டும் 102 வயது வரை இருந்தார் என்பது மனுசிக்குப் பெரிய ஆறுதல்.

அயல் நிறம் இப்படி ஏமாற்றும் என்பதால் அவ துணியைக் கையோடு கொண்டுதான் கடைக்குப் போவா. ரியூப் லைற்றில் பொருந்துகிற நிறங்கள் வெயிலில் சண்டை பிடிக்கும். ஆகவே சந்திக் கடையிலிருந்து நூலோடு வெளியே வந்து வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடிப்பா. தூக்கிய கையைக் கண்டதும் 176 பஸ் நிற்கும். "நுகேகொட, தெஹிவள, நகின்ன!" என்று கொண்டக்டர் அவசரப்படுத்துவார். ஏறவில்லை என்றதும் அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

நூல் வாங்கப் போகிறவர்களே, துணியைக் கொண்டுபோங்கள், வெயிலில் பாருங்கள். பஸ் ஹோல்ற்றிலிருந்து சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.