தெரு கேட்ட மெட்டு

சொந்தமாகப் பியானோ இசை எழுதுவது என் நெடுநாள் பழக்கம். யாரும் கேட்டு எழுதியதில்லை. எழுதியதற்கு யாரும் காசு கொடுத்ததும் இல்லை. கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எண்பதுகளில் கூடுவாஞ்சேரியில், வீட்டில் பியானோ இல்லாமலே பியானோவுக்கு எழுத ஆரம்பித்தேன். இன்றைக்கு 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ என் அறையில் நிற்கிறது. இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று மனதை உறுத்துகிறது. பியானோ இல்லாத நாளில் என் மெட்டுகளைத் தெருவே கேட்டது. பியானோ வந்தபின் அவை என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை.

அப்போது கூடுவாஞ்சேரி என்றால் ஜி.எஸ்.டி. சாலை, ரயில் நிலையம், நந்திவரம் ஏரி, ஏரித் தண்ணீர் பாயும் வயல்கள். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் திண்ணை உண்டு. அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அவர் பஜனைக்கு வாசிக்கும் ஹார்மோனியம்தான் வீட்டில் இருந்த ஒரே வாத்தியம். கீபோர்டு என்பது வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் காஸியோ. அதைக் கடைத்தெருவில் பார்த்ததுகூட இல்லை.

பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார் வீட்டிலேயே பியானோ சொல்லிக் கொடுத்தார். அப்பா அவரிடம் என்னைச் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் வண்டியில் தாம்பரம் போய், அங்கே மின்சார ரயில் மாறுவேன். இரண்டும் மீட்டர்கேஜ். மிஸ் வீட்டில் இருந்தது சுவரை ஒட்டி நிற்கும் பழைய பியானோ. மழைக்காலம் வந்தால் அதன் கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிடுவார். கடற்கரைப் பக்கத்து ஈரம் மரத்தை ஊதவைக்கும், கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். அந்த வெதுவெதுப்பு இரண்டையும் கொஞ்சம் தடுக்கும். கம்பளிப் பூச்சு கொண்ட சுத்தியல்களைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை. ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் உண்டு, எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பல டன் என்று அவர் சொன்னபோது அந்தப் பெட்டியின்மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது.

வாரத்தில் ஒருநாள்தான் பியானோ. மற்ற நாட்களில் ஹார்மோனியம். அதில் ஒரு சங்கடம் உண்டு: இடது கை துருத்தியை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வாசிக்க வலது கை மட்டும்தான் மிஞ்சும். பியானோவுக்கோ இரண்டு கையும் வேண்டும். அதனால் என் தம்பியை எதிரே உட்கார்த்தித் துருத்தி போட வைப்பேன். அவனுக்குப் பொரிகடலை கூலி. இரண்டு கையாலும் வாசித்தால் மூன்றரை ஸ்தாயிக்குள் கைகள் ஒன்றோடொன்று இடிக்கும். கீழே அடங்காத ஸ்வரங்களைத் தாளில் மட்டும் எழுதிவைத்து, பல்லாவரத்தில்தான் முதல்முறையாகக் காதால் கேட்பேன். ஐந்து கோட்டு நோட்டு வாங்க மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் கடைக்குப் போக வேண்டும். 1842-ல் தொடங்கிய கடை அது. போகமுடியாத மாதங்களில் கோடு போடாத நோட்டில் ஸ்கேல் வைத்து நானே கோடு கிழிப்பேன்.

யாருக்கும் கேட்காமல் ஹார்மோனியம் வாசிக்க வழி கிடையாது. சாயங்காலம் வாசித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு மாமி தஞ்சாவூர்ப் பக்கம், கேள்வி ஞானம் நிறைய. திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். "ஏண்டி, நேத்து பாதியிலயே நிறுத்திட்டே? மேலே போறதுக்கு வழி தெரியலையா?" என்பார். அவர் கேட்ட இடம் பெரும்பாலும் எனக்கும் வழி தெரியாத இடமாகவே இருக்கும்.

நான் முதலில் உருப்படியாக எழுதி முடித்தது ஹம்ஸத்வனியில். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ராகம். ச, ரி, க, ப, நி என ஐந்தே ஸ்வரம். மிஸ்ஸோ, "இந்த இடத்துல எஃப் கார்டு போடு, நல்லா விரியும்" என்றார். போட்டேன், விரிந்தது. வீட்டுக்கு வந்து வாசித்ததும் திண்ணையிலிருந்து குரல் வந்தது: "ஹம்ஸத்வனியில மத்யமம் எங்கேருந்துடி வந்தது?"

இரண்டு பேரும் சொன்னது சரி. ஸி கட்டையை ஷட்ஜமாக வைத்தால் எஃப் சுத்த மத்யமம், ஏ சதுஸ்ருதி தைவதம். எஃப் கார்டு போட்டால் ராகத்தில் இல்லாத இரண்டு ஸ்வரங்கள் ஒருசேர உள்ளே நுழைந்துவிடும். ராகத்தை விடாமல் கார்டு போடமுடியுமா என்று ஒரு வாரம் முழுக்க அந்த ஐந்து ஸ்வரத்தையே அளைந்தேன். ச-க-ப ஒரு கார்டு. க-ப-நி இன்னொன்று. ப-நி-ரி மூன்றாவது. ஆக, ராகத்துக்கு வெளியே கால் வைக்காமலே மூன்று முழு கார்டுகள் கிடைக்கின்றன. மோகனத்திலும் ஐந்து ஸ்வரம்தான், ஆனால் அதில் இரண்டுதான் தேறும்: ச-க-ப, த-ச-க. இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் எந்தப் பரீட்சை மார்க்கிலும் எனக்கு வந்ததில்லை. அடுத்த ஞாயிறு மிஸ் முன்னால் வாசித்தேன். கடைசி அடியில் ப-நி-ரி கார்டிலிருந்து ச-க-ப வந்து விழுந்தது. "எஃப் தொடாமலே ஸி-க்கு வந்து சேர்ந்துட்டியே!" என்று பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

மாமி அதோடு விடவில்லை. ஒருநாள் சஹானாவை மெல்லப் பாடிக் காட்டி, "இதை அந்தப் பெட்டியில கொண்டு வா பார்ப்போம்" என்றார். கொண்டுவர முடியாது. பியானோவில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள், ஒவ்வொன்றும் சம இடைவெளியில் சுருதி சேர்த்தது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே வழுக்கிப் போக வழியில்லை. சஹானாவும் தோடியும் அந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன. சங்கராபரணம், கீரவாணி, ஹம்ஸத்வனி போன்றவை பியானோவில் அமர்கின்றன. முதலிரண்டும் மேற்கத்திய மேஜர், ஹார்மோனிக் மைனர் அளவைகளோடு அப்படியே பொருந்துபவை. எதை எழுத வேண்டும் என்று மிஸ் கற்றுத்தந்தார், எதை எழுதக்கூடாது என்று மாமி கற்றுத்தந்தார். பின்னது பெரிய படிப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

1986-ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' வெளிவந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கிய இசை. தம்பி அந்த கேசட்டை வாங்கி வந்தான். மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டோம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, வாத்தியக்காரர்களுக்குத் தன் கையாலேயே ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர் அவர் என்பது, கோடு கிழித்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று சொல்லி மாளாது. அதே மனிதர் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றியபோது எனக்குப் பழைய நோட்டுகளைத் தேடி எடுக்கத் தோன்றியது.

ரயிலுக்கும் ஒரு மெட்டு எழுதினேன். அந்நாளில் தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் சக்கரம் ஏறும்போது இரட்டை இரட்டையாகத் தட்டும் ஓசை கேட்கும். வேகம் கூடக் கூட அந்த இரட்டைத் தட்டுகள் நெருங்கும். இடது கையில் அதை வைத்து, மேலே கீரவாணியை ஓடவிட்டேன். அது எங்கள் தெருப் பையன்களுக்குப் பிடித்துப்போய் வாயாலேயே தட்டிக்கொண்டு ஓடுவார்கள். பால்காரர் அதைச் சீழ்க்கை அடித்துக்கொண்டு போனதை அம்மா பார்த்திருக்கிறார். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். அந்த ஓசை கிட்டத்தட்ட இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இடது கை எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியிருக்கிறது.

இனி இன்றைய நிலைமை. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2021-ல் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி ஆனது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தது. வயல் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள். நாங்களும் அப்படி ஒன்றில்தான் இருக்கிறோம். அப்பாவின் ஹார்மோனியம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, ரீடுகள் களிம்பேறிப் பேச்சிழந்தது.

அந்நாளில் கடல் கடந்து வந்த வாத்தியம் இன்று எங்கள் மாவட்டத்திலேயே உருவாகிறது. திருப்போரூர் வட்டத்து ஒன்ஹப் தொழிற்பூங்காவில் யமஹா 2019-ல் ஆலை திறந்தது. கீபோர்டுகளும் கிட்டார்களும் அங்கே தயாராகின்றன. நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள் இலவசம். எழுதிய மறுகணம் அதுவே வாசித்துக் காட்டும். பல்லாவரம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் காசு குறைந்த ஒரு பிள்ளைகூட இன்று முறையாக எழுதக் கற்றுக்கொள்ளலாம். இதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. கிடைக்காத காலத்தை நான் உயர்த்திப் பேசவில்லை.

ஆனால் அடுக்குமாடியில் மேலே கைக்குழந்தை, எதிரே இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். அதனால் ஹெட்போன். ஹெட்போன் போட்டு வாசித்தால் கட்டைகளின் டொக்டொக் மட்டும்தான் வெளியே கேட்கும். பக்கத்து அறையில் இருக்கும் வீட்டுக்காரர், "இன்னிக்கு என்ன வாசிச்சே?" என்று கேட்கிறார். பாதியில் நிறுத்தினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை, ராகத்தில் இல்லாத ஸ்வரம் நுழைந்தாலும் கண்டிக்க ஆளில்லை. கேட்பார் இல்லாத மெட்டு நீளமாகிக்கொண்டே போகிறது. எங்கே முடிய வேண்டும் என்று எழுதுகிறவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? பொழுதுபோக்காக எழுதும் இளைஞர்கள் சிலர் தங்கள் ஸ்வரத்தாள்களை என்னிடம் காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் அழகாக வாசிக்கிறது. மனிதக் கை ஒரே நேரத்தில் எட்டவே முடியாத கட்டைகள் அதில் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்து ஒருவர் பார்த்திருந்தால் அதை அன்றே சொல்லியிருப்பார்.

பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டு இசை எழுதியவர்களில் இரண்டு பேரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் அமெரிக்காவின் சார்லஸ் ஐவ்ஸ். நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனம் நடத்திக்கொண்டே எழுதினார். தன் 'கான்கார்டு' பியானோ சொனாட்டாவை 1920-ல் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக அனுப்பிவைத்தார். நியூயார்க் மேடையில் ஜான் கிர்க்பாட்ரிக் அதை முழுதாக வாசித்தது 1939-ல். கிட்டத்தட்ட இருபது வருடம் அந்தத் தாள்கள் கேட்பாருக்காகக் காத்திருந்தன. இன்னொருவர் நம் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவர். மருத்துவத்தில் ஈட்டியதை இசைக்குச் செலவிட்டார். தமிழில் கீதங்கள் இயற்றினார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, வித்வான்களை எதிரே உட்காரவைத்து வாசித்தும் வாதித்தும் பார்த்தார். 1917-ல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' அந்த வாதங்களின் வழியே பிறந்த நூல். ஐவ்ஸின் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் பொழுதுபோக்காக எழுதுகிறவருக்கு வழிகாட்டி பண்டிதர்தான்: கேட்பவரை நாமே கூட்ட வேண்டும், வந்தவர் எதிர்த்துச் சொன்னால் காது கொடுக்க வேண்டும்.

அதனால் இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஹெட்போனைக் கழற்றிவிடுகிறேன். மேல்வீட்டிலும் எதிர்வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஒத்துக்கொண்ட நேரம். வாசல் கதவும் திறந்திருக்கும். கைக்குழந்தையின் தாய் குழந்தையோடு வந்து உட்கார்கிறார். எட்டாவது படிக்கும் ஒரு பெண் வருகிறாள். சென்ற மாதம் அவள், "ஆன்ட்டி, இது ரொம்ப நேரமா ஒரே இடத்துலயே சுத்துது" என்றாள். அந்த இடத்தை வெட்டினேன், மெட்டு நிமிர்ந்தது. ஹம்ஸத்வனியின் மூன்று கார்டுகளை அவளுக்குக் காட்டிவிட்டேன். அதை வைத்து அவள் தானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாள்; என் மெட்டைவிட அதன் முதல் அடி நன்றாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல் ரகசியமாக எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். வாரத்தில் ஒருநாளாவது உங்கள் மெட்டை வீட்டார் காதில் விழும்படி வாசியுங்கள். பழைய பள்ளிக்கூடங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மூலையில் போர்த்திப் பூட்டிவைத்த பியானோ ஒன்று இருந்தால், ஆள் வைத்துச் சுருதி சேர்த்து, பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். வாசிக்காத பியானோவை இந்தக் கடற்கரை ஈரம் சீக்கிரம் கெடுத்துவிடும்.