ஊதிப் பார்த்தால் கசக்கிறது

பெறுநர்: தலைவர் அவர்கள், நின்டெண்டோ கம்பனி, கியோட்டோ, ஜப்பான்.

அனுப்புநர்: ஆரையம்பதி வாசி ஒருவர், மட்டக்களப்பு, இலங்கை.

பொருள்: 1985ஆம் ஆண்டின் மாரியோவை 40 ஆண்டு கழித்துப் புதிய பெட்டியில் சந்திக்க அனுமதி கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

விண்ணப்பதாரருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிறந்ததும் ஆரையம்பதி, இருப்பதும் ஆரையம்பதி. கிராம சேவகர் தந்த வதிவிடச் சான்றிதழ் கைவசம் உண்டு. ஆனால் உங்கள் இணையக் கடை திறந்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இந்நாட்டில் உங்கள் சுவிட்ச் பெட்டி வைத்திருக்கும் பலரைப்போல அவரும் ஏட்டளவில் அமெரிக்காவில் குடியேறிவிட்டார். நேர்முகம் இல்லை, விரலடையாளம் இல்லை, ஐந்து இலக்கத் தபால் குறியீடு ஒன்றே போதுமாயிருந்தது. வள்ளமேறி அவுஸ்திரேலியா போகப் பார்த்து நடுக்கடலில் பிடிபட்ட ஊர்ப் பொடியன்கள் இதைக் கேள்விப்பட்டால் வயிறெரிவார்கள்.

இவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பழைய வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கும் ஆசைதான். ஆனால் 1990களில் அவர் கொடுத்த காசில் ஒரு சதமும் கியோட்டோ வந்து சேரவில்லை.

1983 யூலை 15இல் நீங்கள் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் பெட்டி, தாய்வானிலும் சீனாவிலும் அச்சொட்டாகப் பிரதியெடுக்கப்பட்டு உலகின் பாதிக்குப் போனது. மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்தபோது அதற்கு ஒரே பெயர்தான்: ரீவி கேம். மஞ்சள் நிறக் கசெற்றின் முகப்பில் 9999999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் உள்ளே இருப்பது பத்தோ பதினைந்தோ. மிச்சமெல்லாம் அதே ஆட்டம் இரண்டாம் கட்டத்திலிருந்து, மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும். தொண்ணூற்றொன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று ஊரில் எவரும் வேறு எதற்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வகையில் அது கணித பாடத்துக்கும் உதவியது.

மேற்படி களவில் விண்ணப்பதாரருக்குப் பங்குண்டு. இந்நாட்டின் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கத்தது என்றும், தான் மாரியோவில் கடைசி அரக்கனை வென்றது அதற்குப் பல வருடம் முந்தி என்றும் அவர் தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறார்.

வாவியின் உப்புக்காற்றுக்குச் சைக்கிள் சங்கிலியே கறள் பிடிக்கும். கசெற்றின் செப்புப் பற்களை மட்டும் அது விட்டுவைக்குமா? திரையில் கோடுகோடாக வந்ததும் கசெற்றைக் கழற்றி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, பல் வரிசை முழுவதும் ஊதிவிட்டுத் திரும்பச் செருகவேண்டும். ஊதாதீர்கள், வாயின் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்று நீங்கள் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது உண்டு. அந்த அறிவுறுத்தல் ஆரையம்பதிக்கு வரவில்லை. பெட்டியே உங்களுடையதில்லை, தாள் எப்படி வரும்?

மாரியோ ஆட்டத்தில் எட்டு உலகம், உலகத்துக்கு 4 கட்டமாக 32 கட்டம். எல்லாம் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியிருந்தது. இன்று குடும்பக் குழுவில் மாமா அனுப்பும் ‘காலை வணக்கம்’ ரோசாப்பூப் படம் அதைவிடப் பெரியது. வானத்து முகிலுக்கும் நிலத்துப் பற்றைக்கும் நீங்கள் ஒரே படத்தைத்தான் வைத்திருந்தீர்கள், முகிலுக்கு வெள்ளை, பற்றைக்குப் பச்சை. சீட்டுப் பிடிக்கிற மாமிமாரும் உங்களிடம் சிக்கனம் படிக்கலாம். ஆனால் விட்ட இடத்தைச் சேமித்துவைக்கும் வசதி அந்தக் கசெற்றில் இல்லை. கரண்ட் போனால் ஏழாம் உலகத்தில் நின்ற மாரியோ முதல் உலகத்துக்கே வந்துவிடுவார். அந்த நாளில் கரண்ட் எப்போது போகும் என்பதை வீட்டிலிருந்த எவரும் தீர்மானிக்கவில்லை.

வாவிக்கு அக்கரையில் போவதற்குக் கரண்டே இல்லை. 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் பல கிராமங்களுக்கு மின்கம்பி போனதே அதற்குப் பிறகுதான். மண்முனைத் துறையில் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்துநின்றுதான் ஆட்களும் சைக்கிள்களும் வாவியைக் கடந்தார்கள். 2014இல் ஜப்பானிய உதவியில் அங்கே பாலம் வந்தது. அதற்கு முந்திய வருடம் கல்லடியிலும் ஜப்பானிய உதவியில் புதுப் பாலம் திறந்தார்கள். உங்கள் அரசாங்கம் மட்டக்களப்பு வாவியை இரண்டு இடத்தில் தாண்டிவிட்டது, ஐயா. உங்கள் கடை எங்கள் கடலை இன்னும் ஓரிடத்திலும் தாண்டவில்லை.

இப்போது முறைப்பாட்டுக்கு வருவோம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டத்துக்கு வந்தபோது, சொக்லேற்றுக்கும் சாம்பூவுக்கும் நடுவே சுவிட்ச் 2 ஒன்றைப் பொதிந்து கொண்டுவந்தார். 2025 யூன் 5இல் வெளியான பெட்டி, வெளியானபோது அமெரிக்க விலை 449.99 டொலர். டொலர் 300 ரூபாய் என்று பிடித்தாலும் 135,000 ரூபாய் ஆகிறது. கசெற்றைக் கையில் எடுத்த விண்ணப்பதாரர், முப்பது வருடப் பழக்கத்தில், செருகுமுன் ஒருமுறை வாயருகே கொண்டுபோனார்.

“ஊதாதீங்க அப்பா! அது பழைய கசெற் இல்ல” என்றாள் மகள்.

அதற்குள் உதட்டில் பட்டுவிட்டது. பாவற்காயும் வேப்பம்பூவும் பழகிய நாக்கு அது. அப்படியிருந்தும் இரவுச் சோறு இறங்கவில்லை. சிறு பிள்ளைகள் விழுங்கிவிடக்கூடாது என்று 2017இல் முதல் சுவிட்ச் வந்தபோதே கசெற்றில் டெனற்றோனியம் பென்சோவேற்று பூசத் தொடங்கினீர்கள். உலகில் அதிகம் கசக்கும் பொருள்களில் அது ஒன்று. நோக்கம் நல்லது. ஊதாதே என்று தாளில் சொல்லிக் கேளாத ஒரு தலைமுறைக்கு இப்படித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது போலும்.

கசப்பு கழுவினால் போய்விடும். கழுவிப் போகாத சங்கதிகள் வேறு உள்ளன. புதிய பெட்டிக்கு ‘கேம்-கீ’ என்றொரு வகை அட்டை வந்திருக்கிறது. அதற்குள் ஆட்டம் கிடையாது, திறப்பு மட்டும்தான். ஆட்டத்தை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போது அட்டையும் செருகியிருக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் பிற கம்பனிகளே பயன்படுத்துகின்றன என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனாலும் கணக்குப் பாருங்கள்: 9999999 என்று பொய் சொன்ன களவுக் கசெற்றில் பத்து ஆட்டமாவது இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லும் அசல் அட்டையில் ஒன்றுகூட இல்லை.

மாரியோவை நீங்கள் எத்தனை தரம் கட்டிக்கொடுத்தீர்கள் என்பதையும் விண்ணப்பதாரர் குறித்துவைத்திருக்கிறார். 1993இல் புதுச் சட்டை போட்டு சுப்பர் ஃபமிகொமில். 2006இல் வீ பெட்டியின் கடையில். 2010இல் அதே 1993ஆம் ஆண்டுத் தொகுப்பு, வீ தட்டில். 2016 நவம்பரில் உள்ளங்கையளவுப் பெட்டியில். சனம் முண்டியடித்து வாங்கிக்கொண்டிருக்கையில் 2017 ஏப்ரலில் அதை நிறுத்தி, மறு வருடம் திரும்பக் கொண்டுவந்தீர்கள். 2018இலிருந்து சந்தாவில். வீ கடை 2019 சனவரி 30இலும், வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச் 27இலும் மூடப்பட்டன.

சிகரம் 2020. மாரியோவின் 35ஆம் ஆண்டு நிறைவுக்கு 1996, 2002, 2007ஆம் ஆண்டுகளின் மூன்று ஆட்டங்களைச் சேர்த்து, செப்டெம்பர் 18இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டீர்கள். 2021 மார்ச் 31உடன் விற்பனையை நிறுத்தினீர்கள், இணையப் பிரதியையும் சேர்த்து. திருவிழாக் கடைக்காரர் தீர்த்தம் முடிந்ததும் கொட்டிலைப் பிரிப்பதை இவ்வூரார் அறிவார்கள். வாவி இறாலை ஐஸ் போடாமல் வைத்தால் மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும் என்பதையும் அறிவார்கள். சேவரில் கிடக்கும் கோப்பு எந்த வெயிலில் பழுதாகிறது என்பதுதான் விளங்கவில்லை.

இது மாரியோவோடு நிற்கும் சங்கதியும் அல்ல. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 வீதம் இன்று கடையில் வாங்க முடியாதவை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேசன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அமெரிக்காவில் உண்மையாகவே வசிப்பவர்களுக்கே அந்தக் கதி. ஏட்டளவில் வசிப்பவர் என்ன செய்வார்?

சந்தா வருடத்துக்கு 19.99 டொலர். கட்டினால் 1985இன் மாரியோ வருவார், கட்டாவிட்டால் போய்விடுவார். கட்டினாலும், இணையம் இல்லாமல் விளையாடுவதென்றால் ஏழு நாளைக்கு ஒருமுறையாவது பெட்டியை இணையத்தில் இணைத்து ஆளைக் காட்டவேண்டும். வாரத்துக்கு ஒருநாள் போய்க் கையொப்பம் வைக்கிற வழக்கம் மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. அது வேறு காரியங்களுக்காக இருந்தது. காளான் தின்று பெரியவனாகும் குழாய் வேலைக்காரனுக்கும் அது தேவைப்படும் என்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

1889இல் ஹனஃபுடா என்னும் பூச்சீட்டுச் செய்யத்தான் உங்கள் கம்பனி தொடங்கியது. ஆகையால் சீட்டுக்காரருக்குச் சீட்டுக்காரர் என்ற முறையில் ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழர் ஆடும் 304 என்னும் சீட்டாட்டத்தில் ஏலம் எடுத்தவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார், தருணம் வந்ததும் திருப்பிக் காட்டுவார். அதுவரை மற்றவர்களுக்கு அது எந்தச் சாதி என்று தெரியாது. ஆனால் மேசையில் இருப்பது ஒரு சீட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்தபின் கட்டு வீட்டுக்காரரிடமே இருக்கும், கடைக்காரர் வந்து திரும்ப வாங்கிப் போகமாட்டார்.

ஆகவே விண்ணப்பதாரர் வேண்டிக்கொள்வதாவது:

1. நாடுகளின் பட்டியலில் இலங்கையைச் சேர்த்து, அவரை அமெரிக்காவிலிருந்து கௌரவமாக நாடுகடத்துதல். முதல் ஏழு கோட்டைகளின் முடிவிலும், மாரியோ தேடும் இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாகக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் அவர். கடையும் வேறு கோட்டையில் என்றால் தாங்காது.

2. பழைய ஆட்டங்களை ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு ஒரேயடியாகக் கொடுத்துவிடுதல். 1990களின் பாக்கியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

3. ஏழு நாள் விதியைத் தளர்த்துதல். உயிரோடிருக்கும் சான்றிதழை இந்நாட்டு அரசாங்கமே ஓய்வூதியக்காரரிடம் வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறது.

4. கசப்பு அப்படியே இருக்கலாம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.

பி.கு.: மகள் முதல் உலகத்தைத் தாண்டிவிட்டாள். இரண்டாம் உலகத்துத் தண்ணீர்க் கட்டத்தில் நின்றபோது சந்தா முடிந்ததாகத் திரையில் அறிவித்தல் வந்தது. விண்ணப்பதாரர் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் ரின்னை இறக்கினார். பழைய ரீவி கேமும் மஞ்சள் கசெற்றும் அதற்குள்தான் கிடந்தன. மூன்றாம் தரம் ஊதியபோது படம் தெரிந்தது.