சரிவராதண்ணை

யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் வாசிகசாலைக்குப் போனாலும் அவரைக் காணலாம். பத்திரிகையின் நடுப்பக்கம் அவர் மடியில் இருக்கும். மற்றவர்கள் விளையாட்டுச் செய்தியோடு காத்திருப்பார்கள். வேட்டி, தோளில் சால்வை, மாதம் தவறாத பென்ஷன். சொந்தப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். பட்டப்பெயர் மட்டும் ஒன்றுதான்: சரிவராதண்ணை.

யாரோ ஒரு பெடியன் கோழிப்பண்ணை தொடங்கப் போவதாக அவர் காதில் விழவேண்டும். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும். ஒரு செருமல் செருமுவார். “தம்பி, அது சரிவராது.” காரணம் கேட்டால், “சொன்னால் உமக்கு விளங்காது” என்பார்.

கலியாணப் பேச்சிலும் இதே கதைதான். சாதகம் பொருந்தினால் மாப்பிள்ளையின் உத்தியோகம் சரிவராது. உத்தியோகம் நல்லதென்றால் ஊர் சரிவராது. ஊரும் நல்லதென்றால் பெடியனுக்கு உயரம் காணாது.

வெறும் வாய் என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது சனம் ஸ்டேஷனில் திரண்டு நின்றது. அண்ணை மட்டும் “உது நிண்டுபோம்” என்றார். 2023 ஜனவரியில் திருத்த வேலைக்காக அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் பாதையை மூடினார்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. சென்னை விமானம் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் கொரோனா வந்து மறித்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே மாரிக்கடல் அதை நிறுத்தியது. மூன்று முறையும் வாசிகசாலை வாங்கிலிருந்து ஒரே தீர்ப்பு: “நான் அப்பவே சொன்னனான்.”

ரயில் அதே ஆண்டிலேயே மறுபடி ஓடியது. விமானம் 2022 டிசம்பரிலும் கப்பல் 2024 ஓகஸ்டிலும் திரும்ப வந்தன. அந்த நாட்களில் எல்லாம் அண்ணைக்குத் தடிமன். வாசிகசாலைப் பக்கம் காணக் கிடைக்கமாட்டார். அடுத்த வேலையை யாராவது தொடங்கினால் தடிமன் தானாக மாறிவிடும்.

ஆனாலும் காணி வாங்குகிறவர்கள் அவரிடந்தான் முதலில் போவார்கள். உறுதியை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பார். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலிருந்து விசாரணை தொடங்கும். பங்குக்காரருக்கு அறிவிச்சாச்சோ? சீதனக் காணியோ? கிணத்திலை எத்தினை பங்கு? ஒழுங்கை ஆற்றை பேரிலை? அவர் தலையாட்டி மறுத்த இடத்தில் நொத்தாரிசுக்கும் தெரியாத ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கும். அந்த வாயால் காசு தப்பியவர்கள் ஊரில் பலர்.

கனடாவிலிருந்து வந்த ஒருவர் கோண்டாவிலில் ஒரு காணித் துண்டு பார்த்தார். அண்ணை உறுதியை இரவிரவாக வைத்திருந்து படித்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை. விடிய வந்து பார்த்தால் அவர் முகம் வாடிக் கிடந்தது.

“எல்லாம் சரியாத்தான் கிடக்கு.”

வந்தவர் சந்தோஷமாக எழும்பினார்.

“இரும் தம்பி. இவ்வளவு சரியான காணியை அவன் ஏன் விக்கிறான்?”

கனடாக்காரர் அடுத்த கிழமையே பிளேன் ஏறிவிட்டார். கதை ஊரெல்லாம் பரவி, அந்தக் காணியை விலைகேட்டு வருபவர்கள் நின்றுபோனார்கள். இப்போது அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் அண்ணை கையை நீட்டிக் காட்டுகிறார்:

“பாரும், இண்டைவரைக்கும் விலைப்படேல்லை. நான் அப்பவே சொன்னனான்.”